ஜெர்ரி ரைஸ் ஆட்டங்களை முழு மைதானமும் தெரியும்படி பார்க்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால் ஒரு உதவி வேண்டும். வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ‘ரிசீவர்’ ஆட்டக்காரரான ஜெர்ரி ரைஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாழ்க்கைக் கதை கிடைத்துவிட்டது. மிசிசிப்பியில் க்ராஃபோர்ட் என்ற சின்ன ஊர். அப்பா கொத்தனார். சாரத்தில் நின்றுகொண்டு, கீழிருந்து வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்தே கை பழகியதாம். 1985இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுத்தது. முதல் வருடம் பந்தை நழுவவிட்டு சொந்த ரசிகர்களிடமே ஏச்சு வாங்கினார். அப்புறம் மொத்தம் 20 சீசன், பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 22,895 யார்டு. இரண்டாம் இடத்தில் உள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492இல் நின்றுவிட்டார்!

சிக்கல் இங்கேதான். ரைஸ் அப்படியொன்றும் பெரிய வேகக்காரர் இல்லை என்கிறார்கள். ஓடுகிற ஓட்டத்தில் வேகம் குறையாமல் சட்டென்று திரும்பி, தடுக்கக் கூடவே ஓடிவரும் எதிரணிக்காரரை ஏமாற்றுவதில்தான் வித்தை. ஆனால் டிவி கேமரா பந்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பந்து வந்து சேரும்போதுதான் ரைஸ் தெரிகிறார். அதற்குள் வித்தை முடிந்துவிடுகிறது.

மைதானம் முழுக்கத் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த அந்தக் காலப் பதிவுகள் எங்காவது கிடைக்குமா? 1989 ஜனவரி சூப்பர் பவுல் இறுதிப்போட்டி (ரைஸ் 11 கேட்ச், 215 யார்டு, ஆட்ட நாயகன்) கிடைத்தால் ரொம்ப நல்லது. காசு கட்டிப் பார்ப்பதானாலும் சரி. 1997இல் முழங்காலில் அடிபட்டதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டிய ஆட்டங்களையும் சொல்லுங்கள், ஒப்பிட வேண்டும். ஹைலைட்ஸ் மட்டும் வேண்டாம், திகட்டத் திகட்டப் பார்த்தாயிற்று.