‘வொர்க்ஸ்பேஸ்’ என்பதற்குப் ‘பணிக்களம்’: ஒரு முன்மொழிவு

தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம். திறந்த சாளரங்களைத் தனித்தனியே பிரித்து வைக்க உதவும் திரைப்பரப்பே ‘வொர்க்ஸ்பேஸ்’; அதற்கு இப்போது வழங்கும் ‘பணியிடம்’ என்ற சொல்லை மாற்றலாம் என்று எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை நேரக் கணினி வகுப்பில் டெபியன் 11 இயங்குதளத்தை நீக்கி 12-ஐ நிறுவியபோது, அதன் திரை இடைமுகமான க்னோம் 3.38-இலிருந்து ஒரே தாவலில் 43-க்கு வந்துவிட்டோம்; 2021 மார்ச்சில் வெளியான க்னோம் 40-இன் புதிய வடிவமைப்பு எங்கள் மாணவர்களுக்கு அப்போதுதான் அறிமுகமாயிற்று. விண்டோஸ் விசையை அழுத்தியதும் திறந்திருக்கும் சாளரங்கள் சுருங்கித் திரையின் நடுவில் நிற்கின்றன, அடுத்த வொர்க்ஸ்பேஸின் விளிம்பு வலப்பக்கம் தெரிகிறது, முன்பு இடப்புறம் நெடுக்காக இருந்த செயலிப்பட்டை கீழே படுக்கையாக வந்திருக்கிறது. பழையதைவிட இது தெளிவானது என்றே கருதுகிறேன். மாணவர்களும் விரைவில் பழகிக்கொண்டார்கள்.

அவர்கள் தடுமாறியது ‘பணியிடம்’ என்ற சொல்லில்தான். வேலை தேடும் இளைஞர்கள் நாள்தோறும் செய்தித்தாளில் ‘காலிப் பணியிடங்கள்’ என்று படிக்கிறார்கள். அவர்களுக்கு அச்சொல் ஒரு வேலையையோ பதவியையோதான் குறிக்கும். “சார், இது ஆபீஸ்ல வேலை செய்றவங்களுக்கு மட்டும்தானா?” என்று ஒரு மாணவி கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

நண்பர் ஒருவர் மாற்றாகப் பரிந்துரைத்த ‘அடுக்கு’ எனக்கும் பிடித்த சொல்தான். க்னோம் 3-இல் வொர்க்ஸ்பேஸ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதால் அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் 40 முதல் இவை பக்கவாட்டில் அமைந்துள்ளன. ‘வலப்பக்க அடுக்கு’ என்று எழுதினால் படிப்பவர் மேலும் கீழும் தேடுவார்.

ஆகவே ‘பணிக்களம்’ என முன்மொழிகிறேன். ஒரு வேலைக்கென ஒதுக்கிய திறந்த பரப்பு என்ற பொருள் நெற்களம், போர்க்களம் ஆகிய சொற்களிலேயே இருக்கிறது. வேற்றுமை உருபுகளும் தடையின்றிச் சேர்கின்றன: ‘வலப் பணிக்களத்துக்கு நகர்த்து’, ‘பணிக்களங்களின் எண்ணிக்கை’. இணைய முகவரிகளுக்கு ‘ஆள்களம்’ வழங்குவதால் குழப்பம் வருமோ என்ற ஐயம் எழலாம். முன்னொட்டுகள் வேறுபடுவதால் வராது என்பதே என் கணிப்பு.

க்னோம் 45-இல் மேல் இடமூலையிலிருந்த ‘செயல்பாடுகள்’ என்ற எழுத்து நீக்கப்பட்டு, நடப்புப் பணிக்களத்தை நீண்ட கோடாகவும் மற்றவற்றைப் புள்ளிகளாகவும் காட்டும் குறி வந்துவிட்டது. எழுத்து மறைந்த பிறகு, அக்குறியைப் பயிற்றுநர் வாயால் விளக்க வேண்டியிருப்பதால் நல்ல சொல்லின் தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் விசையை அழுத்தினால் வரும் காட்சிக்கு வழங்கும் ‘மேலோட்டம்’ என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு; அதைத் தனி இழையில் எழுதுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு, அது பயிலும் ஒரு பட்டி (மெனு) வரியையும் சேர்த்து அனுப்புமாறு வேண்டுகிறேன்.