பேய எப்ப காட்டணும்? மலேசியா, ஆயர் ஈத்தாம் குடும்ப குரூப்

கவின்: குறும்படம் ஃபர்ஸ்ட் கட் அனுப்பிட்டேன், 7 நிமிஷம்தான், எல்லாரும் பாத்துட்டு உண்மைய சொல்லுங்க

தர்ஷினி: பாத்தேன்டா. லிஃப்ட் கதவு தொறந்த உடனே பொந்தியானாக், அதான் நம்ம மலாய் பொம்பளப் பேய், முழுசா வந்து நிக்குது, விக் கிளிப் கூட தெரியுது 😂

கவின்: அக்கா முதல் நிமிஷத்துல ஒன்னும் நடக்கலனா தள்ளி விட்டுட்டு போய்டுவாங்க லா

சேகர் மாமா: நடக்கட்டும்டா யாரு வேணாம்னா, அதுக்குனு ஆள காட்டணுமா? 1975ல வந்த ஜாஸ் சுறா படத்த பாரு, ஆரம்பத்துலயே ஒரு பொண்ண கடல்ல இழுத்துட்டு போய்டும் ஆனா சுறா மூஞ்சிய ஒழுங்கா பாக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மெஷின் சுறா உப்புத் தண்ணில சும்மா சும்மா ரிப்பேர், ஸ்பீல்பெர்க் வேற என்னதான் செய்வாரு

சேகர் மாமா: அதுல ஜெட்டி, அதான் பலகை போட்ட படகுத்துறை, சீன் ஒன்னு இருக்கு. ரெண்டு பேரு சங்கிலில இறைச்சி மாட்டி போடுவானுங்க, சுறா ஜெட்டியவே பிச்சிட்டு போய்டும், ஒருத்தன் தண்ணிக்குள்ள. போன பலகை அப்படியே மெதுவா திரும்பி அவன் பக்கம் வரும் பாரு.. வெறும் பலகைடா!

கவின்: மாமா நம்ம ஃப்ளாட்ல பலகைக்கு எங்க போறது

விமலா அத்தை: பாட்டி பக்கத்துலதான் இருக்காங்க, சொல்லச் சொல்றாங்க. தோட்டத்துல புள்ள அழுவுற சத்தம் பெருசா கேட்டா பேய் தூரத்துல இருக்குமாம், சன்னமா கேட்டாதான் கிட்ட வந்துட்டுனு அர்த்தமாம். 1957ல மரியா மெனாடோ நடிச்ச பொந்தியானாக் படத்துல கூட புருஷன பாம்பு கடிச்சி இவங்க விஷத்த உறிஞ்சப் போய்தான் பேயா மாறுவாங்களாம், அதனால நல்ல பொண்ணா முதல்ல காட்டுனு உத்தரவு

தர்ஷினி: டேய் அந்த அழுகை!! ஒவ்வொரு மாடிக்கும் சத்தத்த கொறைச்சிகிட்டே வா

கவின்: ஐயோ ஆமா. ஜாகா அங்கிள், அதான் வாட்ச்மேன், சரியா கேக்கலனு ரேடியோவ ஆஃப் பண்றாரு, அழுகை நின்னுடுது, லிஃப்ட் நம்பர் மட்டும் ஏறுது, அவரு மூஞ்சிய மட்டும் காட்டுறேன்

பிரியா: ஹலோ நான்தான் பேய், மூணு மணி நேரம் மேக்கப் போட்டு உக்காந்தேன், என் மூஞ்சி எப்ப வரும்??

கவின்: கடைசி நிமிஷத்துல, பாதி மூஞ்சி

பிரியா: பாதியா 😡

சேகர் மாமா: கிளிப் இல்லாத பக்கமா பாத்து எடு

கவின்: சனிக்கிழமை ராத்திரி திரும்ப எடுக்கலாமா எல்லாரும் ஃப்ரீயா

விமலா அத்தை: எடுங்க, ஆனா லிஃப்ட்ட புடிச்சி வச்சிக்காதிங்க, போன தடவையே கீழ் வீட்டு அங்கிள் அரிசி மூட்டையோட பதினொரு மாடி ஏறி வந்து சத்தம் போட்டாரு