தாய் வெளிநாட்டில், அம்மம்மா காலமாகிட்டா: பிள்ளையைப் பொறுப்பெடுக்கக் கடதாசி போதுமா, கோட்டுக்குப் போகணுமா?

வெல்லாவெளி வாசகி:
தாய் குவைத்தில் வீட்டு வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்கு. தகப்பன் பிரிஞ்சு போய், பொலன்னறுவைப் பக்கம் வேற குடும்பத்தோட இருக்கார். ஏழு வயசுப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா போன மாதம் காலமாகிட்டா. பக்கத்து வளவில் ஒரு பெண் இருக்கிறா, பிள்ளை அவவை ‘மாமி’ என்றுதான் கூப்பிடும். ஆனா இரத்த உறவு இல்லை. தாய் வரும்வரைக்கும் வைச்சிருக்க அவ தயார், தாயும் சம்மதம். சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக் கடதாசி முடிச்சாக் காணுமா? இல்லாட்டி கோட்டுக்குப் போகணுமா?

படுவான்கரைத் தம்பி:
அக்கா, கோட்டுப் பக்கம் போக வேணாம். தாயிட்ட இருந்து தூதரகம் ஊடாக அற்றோணித் தத்துவம் (அவ சார்பில அலுவல் பார்க்க எழுதித் தாற அதிகாரப் பத்திரம்) எடுங்க. அதோட சத்தியக் கடதாசி ஒன்று, கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்று. பாடசாலைக்கும் கிளினிக்குக்கும் இது மூன்றும் காணும். நம்மட பக்கம் தாய் வழி வளவுகள் ஒன்றை ஒன்று ஒட்டித்தானே கிடக்கு. சின்னம்மா, பெரியம்மா, மாமி என்று பிள்ளை நாலு வீட்டில் வளருறது இங்க புதுசில்லை. கோட்டுக்குப் போனா “பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை” என்று பதிவாகும். மறுகா ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டிட்டு, தவணைக்குத் தவணை அலையிற நிலைமை வரும்.

கச்சேரி வீதி:
தம்பி சொல்ற மூன்று கடதாசியும் வேணும், நான் மறுக்கேல. ஆனா அது எங்க உடையும் என்று பாருங்க. அற்றோணித் தத்துவம் தாய் தன்ர வேலையை இன்னொருத்தரைக் கொண்டு செய்விக்கிறதுக்குத்தான். அதால தகப்பனுக்குச் சட்டத்தில் இருக்கிற உரிமை குறையாது. நாளைக்கு அவர் வந்து நின்று “என்ர பிள்ளையைத் தாங்க” என்று கேட்டா, அந்த மாமி கையில தடுக்க ஒன்றும் இல்லை. பொலிசும் தகப்பன் பக்கம்தான் சாயும். தாய்க்கும் அவருக்கும் இடையில பழைய பகை இருந்தா, பிள்ளைதான் நடுவில் இழுபடும்.

இதுக்கு வழி 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் இருக்கு. நீதவான் பிள்ளையை ஒரு ‘தகுந்த ஆளிடம்’ ஒப்படைக்கலாம். அலுவலகத்தில் எல்லாரும் பிட் பேர்சன் ஓடர் என்றுதான் சொல்லுவினம். அந்த ஆள் உறவினராக இருக்கணும் என்று சட்டம் சொல்லேல. பெற்றோருக்குரிய உரிமையும் பொறுப்பும் அவருக்கு வரும், செலவுப் பொறுப்பும் சேர்த்துத்தான். தாய் திரும்பி வந்து விண்ணப்பிச்சா கோடு அந்தக் கட்டளையை நீக்கலாம்.

இல்லத்துக்குப் போற பயம் நியாயம்தான். ஆனா அது ஏன் நடக்குது? பெரும்பாலும் பிரச்சினை முத்தி, இரவோட இரவா பொலிசுக்குச் சொல்லி, பொறுப்பெடுக்க ஆளில்லாமப் பிள்ளையை நீதவான் முன்னால நிறுத்துற நேரத்தில்தான். பொறுப்பேற்கிற ஆள் அடையாள அட்டையோடயும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடயும் பக்கத்தில் நிக்கணும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைப் பார்த்துக் கோட்டுக்கு எழுதுற அறிக்கையும் முதலே தயாரா இருந்தா, இல்லம் என்ற பேச்சு எழும்புறது குறைவு.

படுவான்கரைத் தம்பி:
சட்டம் பேசுறீங்க, சரி. அப்ப அந்தக் கட்டளைச் சட்டத்தில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை யார் என்ற வரைவிலக்கணத்தையும் முழுசா வாசிங்க. பெற்றோர் இல்லை, இருந்தும் கவனிக்கேல என்றது மட்டும் காணாது. கெட்ட சேர்க்கை, ஒழுக்க ஆபத்து, கட்டுக்கடங்காமை மாதிரி ஒன்றும் சேரணும். குவைத்தில் பாத்திரம் கழுவி மாசாமாசம் காசு அனுப்புற தாயைப் பற்றி, “கவனிக்காத தாய்” என்று ஒரு கோவையில் எழுத வைக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம்! அவ மறுபடி வெளிநாடு போக விண்ணப்பிச்சா குடும்பப் பின்னணி அறிக்கையில் அது நிக்கும்.

கச்சேரி வீதி:
அந்த நிபந்தனை உண்மை. அதனாலதான் அறிக்கையை எப்படி எழுதுறது என்றது முக்கியம். “தாய் கைவிட்டா” என்று எழுதத் தேவையில்லை. “தாய் ஒழுங்கு செய்த பராமரிப்பாளர் மரணம், உள்ளூரில் சட்டரீதியான பாதுகாவலர் எவரும் இல்லை, பெண் பிள்ளை, தகப்பன் தொடர்பில் இல்லை” என்றே எழுதலாம், ஆபத்து என்னவென்று அதில் தெரியும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 5ஆம் பிரிவும் பிள்ளையின் மேலான நலனையே முதன்மையாகப் பார்க்கச் சொல்லுது. அறிக்கை எழுதும்போது அதைக் குறிப்பிடச் சொல்லுங்க.

குடும்பப் பின்னணி அறிக்கையைப் பற்றி இன்னொன்று. தாய் போகும்போது கொடுத்த பராமரிப்புத் திட்டத்தில் அம்மம்மாவின் பெயர்தான் பராமரிப்பாளராக இருந்திருக்கும். அவ காலமானது பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயத்தைப் பார்க்கிற அபிவிருத்தி உத்தியோகத்தருக்குத் தெரியணும். மறைச்சு வைச்சாத்தான் பிறகு தாய்க்கு இடைஞ்சல்.

கல்முனை வாசகன்:
நம்மட முஸ்லிம் ஊர்களிலயும் இதே கேள்வி அடிக்கடி வரும். பிள்ளையைப் பராமரிக்கிறது பெரிய நன்மை, ஆனா தகப்பன் பெயரை மாற்றித் தன்ர பிள்ளை என்று பதிய ஏலாது. அதால மகவேற்பை (தத்தெடுப்பை) விட இந்தக் கட்டளை நமக்குப் பொருந்தும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் மாறாது. சில பேர் காதியாரிட்ட, அதாவது முஸ்லிம் விவாக விவாகரத்து விசயங்களை விசாரிக்கிற நீதிபதியிட்ட, போறாங்க. தாபரிப்புப் பணத்தை அவர் விசாரிப்பார், பிள்ளையின் கட்டுக்காவல் அவர் அதிகாரத்தில் இல்லை. ஆளைத் தெரிவு செய்யிற நேரம் பிள்ளையின் சமயத்தையும் கோடு பார்க்கும். அம்பாறை மாவட்டத்தில் ஒரு வீதிக்கு அங்கால வேற சமயம். அதால இதை முதலே பேசி வைங்க.

வெல்லாவெளி வாசகி:
சரி, முதல்ல யாரிட்டப் போறது? பிரதேச செயலகத்தில் ஒருத்தர், பொலிசில் ஒருத்தர், மாகாண அலுவலகத்தில் ஒருத்தர் என்று ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க.

கச்சேரி வீதி:
குழம்புறது இங்கதான். பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய திணைக்கள ஆள். நன்னடத்தை உத்தியோகத்தர் கிழக்கு மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர், கோட்டுக்குச் சமூக அறிக்கை கொடுக்கிறது அவர் வேலை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது. துஷ்பிரயோகம், அடி, உடனடி ஆபத்து என்றா அவங்கட 1929க்கு எடுங்க. இந்தப் பிள்ளைக்கு அது தேவையில்லை. முதலில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அவர் மூலம் நன்னடத்தை உத்தியோகத்தர், அந்தப் பகுதி களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்குள்ள வந்தா அங்க. அற்றோணித் தத்துவத்தில் ஒரு விசயம்: தூதரக முத்திரையோட வந்தாலும் இங்க வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தாமல் சில அலுவலகங்கள் ஏற்காது. வீட்டு வேலை செய்யிறவவுக்குத் தூதரகம் போக லீவு எடுக்கிறதே கஷ்டம். போற ஒரு நாளில் அதையும் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து முடிக்கச் சொல்லுங்க. எசமான் விடமாட்டேன் என்றா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989.

படுவான்கரைத் தம்பி:
இரண்டு மாதம் உத்தியோகத்தர் வரேல என்றா? அவருக்கு ஒரு பிரிவு மட்டுமா இருக்கு? அந்த இரண்டு மாதமும் பிள்ளை எங்க தூங்கும், யார் சாப்பாடு கொடுக்கிறது? நான் சொல்றது அந்த இடைவெளியை நிரப்புறதுக்குத்தான். கடதாசி இல்லாம விடச் சொல்லேல.

கச்சேரி வீதி:
இடைவெளிக்கு உங்கட வழி சரி. அதையே முடிந்த முடிவாக வைக்காதீங்க என்றதுதான் என்ர சண்டை.

மகப்பேற்று மாது:
வீட்டுப் பக்கம் எழுதுறேன், யாரும் தொடாத பக்கம். உத்தியோகத்தர் வீடு பார்க்க வரும்போது பிள்ளை படுக்கிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். தனிப் பாய், தலையணை, நுளம்பு வலை இருக்கா? அதே அறையில் வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளைகளோ, வந்து போற உறவினர்களோ படுக்கிறாங்களா? மலசலகூடத்துக்கு உள்ள இருந்து பூட்டுற கொண்டி இருக்கா? பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டுக் கதைப்பார். என்ன சொல்லணும் என்று யாரும் முதலே பாடமாக்கி விடக்கூடாது. பாடமாக்கினது உடனே தெரியும்.

முதல் சில கிழமைகளில் பாயில் சிறுநீர் போறது, இரவில் எழும்பி அழுறது, சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறது எல்லாம் வரும். அம்மம்மாவை இழந்த துக்கம் அது. ஏசாதீங்க. நீங்க படுக்கப் போகமுன் ஒருக்கா எழுப்பி மலசலகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க. மாதக்கணக்கில் குறையாட்டி, இல்லாட்டி பிள்ளை பேச்சையே குறைச்சிட்டா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநல கிளினிக்கில் காட்டுங்க.

பிறப்புச் சான்றிதழ் பிரதியோட சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் அம்மம்மா வீட்டில் இருந்து உடனே எடுங்க. சாமான் ஒதுக்குற நேரம் அதுதான் முதலில் துலைஞ்சு போற பொருள். ஊசி விபரம், ஒவ்வாமை எல்லாம் அதில்தான் இருக்கு. உயிராபத்து என்றா வைத்தியர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க மாட்டாங்க. ஆனா டொன்சில் மாதிரித் திகதி கொடுத்துச் செய்யிற சத்திரசிகிச்சைக்குச் சட்டரீதியான பாதுகாவலர் கையெழுத்து வைக்கணும், வெறும் சத்தியக் கடதாசியைப் பார்த்திட்டுத் திருப்பி அனுப்பலாம். இந்த ஒரு விசயத்துக்காகவே நான் கட்டளை பக்கம்.

தாயோட கதைக்கிற நேரத்தை நிரந்தரமா வைங்க. இங்க இரவு 7 மணி என்றா குவைத்தில் பின்னேரம் 4.30. எசமான் வீட்டு வேலை அந்த நேரம் இறுகும். வெள்ளிக்கிழமை அவவுக்கு ஓய்வு இருந்தா அன்றைக்கு வீடியோவில் கதைக்கட்டும். “இன்றைக்கு எடுக்கிறேன்” என்று சொல்லி எடுக்காட்டி பிள்ளை அன்றிரவு நித்திரை கொள்ளாது. வேணுமெண்டா கிழமைக்கு இரண்டு தரம், ஆனா சொன்ன நாளில் கட்டாயம்.

கல்முனை வாசகன்:
காசு விசயத்தையும் சேர்க்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, தாய் அனுப்புற தொகை, பாடசாலைச் செலவு, மருந்து எல்லாத்தையும் திகதியோட எழுதுங்க, பற்றுச்சீட்டை ஒட்டுங்க. சம்மதமாகத் தொடங்கின பொறுப்பு “என்ர காசில அவ வீடு கட்டினா” என்ற சந்தேகத்தில்தான் கூடுதலா முறியுது. பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் மாமி கை வைக்கக் கூடாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் செவன சரண வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தையும் கேட்டுப் பாருங்க. பெயரில் வளர்ப்புப் பெற்றோர் என்று இருந்தாலும், அது நன்கொடையாளர் மாதாந்தம் உதவுற திட்டம், பிள்ளை வீடு மாறாது.

வெல்லாவெளி வாசகி:
அப்ப நாளைக்கே கிராம உத்தியோகத்தர் கடிதமும் சத்தியக் கடதாசியும். திங்கக்கிழமை சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிட்டப் போறோம். பாடசாலை மாற்றத் தேவையில்லைதானே?

மகப்பேற்று மாது:
வேணாம். அதே ஊர்தானே, அதே வகுப்பு, அதே கூட்டாளிகள் இருக்கட்டும். அதிபருக்கும் வகுப்பு ரீச்சருக்கும் மட்டும் சொல்லுங்க, வாசலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி உள்ளவங்கட பெயர் இரண்டை எழுதிக் கொடுங்க. தகப்பன் வந்து கேட்டா என்ன செய்யிறது என்று ரீச்சர் இப்பவே தெரிஞ்சிருக்கணும்.