வைகாசிப் பொங்கலுக்குக் காத்தவராயன் கூத்து: மேடை, சுருதி, கழுமரம்

அம்மன்தாசன்:
வணக்கம். எங்கட ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு காத்தவராயன்ர கதையைப் பாடி ஆடுற காத்தவராயன் கூத்தை விடிய விடியப் போடப்போறம். கோயில் கிழக்கு வாசல். மேடையை எங்க போடலாம்? சுருதியை ஆரின்ர குரலுக்கு வைக்கிறது? காத்தான் கழுவேறுற கழுமரத்தை எவ்வளவு ஆழத்தில நடவேணும்?

முல்லைத்தாளம்:
முதல்ல நாளைப் பாருங்கோ. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டின திங்களில வரும். அண்டைக்கு வைச்சால் பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடையாது, சனமும் அங்கதான் போகும்.

மேடை அம்மனைப் பார்த்தபடி இருக்கவேணும். அப்ப முகம் மேற்க. வைகாசியில கச்சான் காத்துத் தென்மேற்கால வீசும், நேரா மைக்கில அடிச்சு இரையும். தெற்குப் பக்கத்தைக் கிடுகால நல்லா அடையுங்கோ, மைக்குக்குப் பஞ்சுறை போடுங்கோ. பின்பக்கம் படங்கை (தார்ப்பாயை) இழுத்துக் கட்டாதையுங்கோ. முன்னால புகுந்த காத்து வெளியேற வழியில்லாமல் பந்தலையே தூக்கிவிடும். ஜெனரேற்றர் வடகிழக்கு மூலையில, மேடையை விட்டுத் தள்ளி இருக்கட்டும், புகையும் சத்தமும் அங்கால போயிடும்.

சல்லாரி:
சுருதியைக் காத்தானுக்கு வைக்கிறதுதான் கனபேர் விடுகிற பிழை. குழந்தைக்காத்தான், ஆதிக்காத்தான், நடுக்காத்தான், கடைசிக்காத்தான் எண்டு ஆள் மாறிக்கொண்டு போகும். மாறாமல் விடியுமட்டும் பாடுறவை, நடிகருக்குப் பின்னால பாட்டை எடுத்துப் பாடுற பிற்பாட்டுக்காரர்தான். அவைக்கு நடுச்சாமம் தாண்டியும் மேல் சட்ஜம் (மேல் ஸ) எட்டுதோ எண்டு ஒத்திகையில பாருங்கோ. எட்டாட்டிச் சுருதியை அரைக்கட்டை (அரைச் சுரம்) இறக்குங்கோ. ஒன்பது மணிக்குக் கேக்க நல்லாயிருக்கெண்டு ஏத்தி வைச்சால், காத்தான் விரும்புற ஆரியமாலா வரேக்க தொண்டை அடைச்சுப்போகும், சிந்து இழுபடும்.

குழந்தைக்காத்தானுக்கு மட்டும் சுருதியை உயர்த்துறதெண்டால் ஆர்மோனியக்காரருக்குச் சுகம், மிருதங்கத்துக்குத்தான் கஷ்டம். அரைக்கட்டையைக் கல்லால தட்டிச் சமாளிக்கலாம். அதுக்கு மேலயெண்டால் ரெண்டாவது மிருதங்கம் வைச்சிருங்கோ. தொப்பியில, அதாவது மிருதங்கத்தின்ர இடப்பக்கத்தில, அப்பின ரவை கச்சான் காத்துக்குக் காய்ஞ்சு வெடிக்கும், தொம் சத்தம் செத்துப்போகும். காத்தான் மாறுற நேரமெல்லாம் விரலால தண்ணி தொட்டுத் தடவுங்கோ. கொஞ்ச ரவையைக் குழைச்சு ஈரச்சீலையால மூடிப் பக்கத்தில வையுங்கோ.

அம்மன்தாசன்:
நன்றி. கழுமரம்? எங்கட வீதி மணல்.

முல்லைத்தாளம்:
15 அடி மரமெண்டால் இறுகின மண்ணில 4 அடி, மணலில 5 அடி தாழ்க்கவேணும். அடியில குறுக்குக்கட்டை பூட்டி, அரையடிக்கு ஒருக்கால் கல்லும் கிறவலும் போட்டுத் தண்ணி விட்டு இடியுங்கோ. கூத்தண்டு பின்னேரம் நட்டால் இறுகாது, ரெண்டு நாள் முந்தியே நடுங்கோ. படிக்கட்டைக்கு ஆணி வேண்டாம், ஊடுருவின போல்ற்றும் நட்டும் போடுங்கோ. கழுவேறுறது விடியப்புறம், மரம் வழுக்கலாம். ஏறுறவருக்கு முந்தி அவரை விடப் பாரமான ஒருவரை ஏத்தி ஆட்டிப் பாருங்கோ.

சல்லாரி:
ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிசில முன்கூட்டியே எடுங்கோ. இரவு 10 மணிக்குப் பிறகு கட்டுப்பாடு இருக்கு, கடிதத்தில நேரத்தைத் தெளிவா எழுதுங்கோ.