பொருள்: மறு: ‘இன்டர்ஃபேஸ்’ என்ற தலைப்புக்கு ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கணினிக் கடைகளுக்கான விலைச்சீட்டில், சேமிப்புத் தட்டை மதர்போர்டோடு இணைக்கும் முறையைக் குறிக்கும் ‘இன்டர்ஃபேஸ்’ என்பதற்கு ‘இடைமுகம்’ என்று போட்டு, அதன் கீழ் ஐடிஇ, சாட்டா, எம்.2, என்விஎம்இ என நான்கையும் வரிசையாக அடுக்கியிருக்கிறோம். கோளாறு அங்கேதான். எம்.2 என்பது சிறு சேமிப்புப் பலகையின் வடிவம், என்விஎம்இ என்பது அது பேசும் நெறிமுறை. எம்.2 பலகை சாட்டாவும் பேசலாம். ஆகவே ‘இடைமுகம்’ பொதுத் தலைப்பாக இருக்கட்டும். அதன் கீழ் மூன்று கட்டம்: பொருத்துவாய், தடம் (தரவு போகும் ‘பஸ்’), நெறிமுறை. எம்.2 பலகை எந்த வாயில் பொருந்தும் என்று காட்டும் ‘கீ’க்குத் ‘திறவி’ என்று வைக்கலாமா?

---

> ‘கீ’க்குத் ‘திறவி’ என்று வைக்கலாமா?

வேண்டாம் அண்ணே. திறவி என்றால் வாங்குகிறவர் கடவுச்சொல் என்று நினைத்துக்கொள்வார். அங்கே இருப்பது சாவி இல்லை, பலகை விளிம்பில் ஒரு வெட்டு. மேல்முகத்தில் தங்கப் பற்களை எண்ணுங்கள்: வெட்டுக்கு ஒரு பக்கம் 6 பல் தனியே நின்றால் பி, மறு பக்கம் 5 பல் நின்றால் எம். ‘பி-வெட்டு’, ‘எம்-வெட்டு’ என்றே சொல்வோம். ரப்பர் பால்வெட்டு தெரிந்த ஊரில் வெட்டு எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரண்டு வெட்டும் உள்ள பலகைதான் ஆளை ஏமாற்றுவது. பெரும்பாலும் அது சாட்டா. எம்-வெட்டு வாயில் அழகாக உட்காரும், திருகாணியும் பிடிக்கும், ஆனால் அந்த வாய்க்கு பிசிஐஇ தடம் (என்விஎம்இ ஓடும் தடம்) மட்டுமே போயிருந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தட்டு தெரியாது. கடைக்காரர் செத்த தட்டு என்று திருப்பி அனுப்புவார். தட்டு நன்றாகத்தான் இருக்கும். சில மதர்போர்டில் எம்.2 வாயை நிரப்பினால் ஒரு சாட்டா வாய் அணைந்துவிடும், கையேட்டைப் பார்க்காமல் கேபிள் வடத்தைக் குறை சொல்லக்கூடாது.

வேகக் கட்டத்தில் ‘6ஜி’ என்று மட்டும் போடாதீர்கள். அது சாட்டாவின் வேகம், விநாடிக்கு 6 கிகாபிட். 8 பிட் அனுப்ப 10 பிட் செலவாவதால் கையில் கிடைப்பது 600 மெகாபைட். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் வன்தட்டு 300 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. அதற்கு 3 கிகாபிட் வாயே போதும்.

---

‘வெட்டு’ எனக்குச் சம்மதம். தனியாக எழுதினால் மின்வெட்டு நினைவுக்கு வரும், எழுத்தோடு சேர்த்தே எழுதுவோம். ஆனால் வடத்தின் நுனியையும் ‘வாய்’ என்பது பொருந்தவில்லை. மதர்போர்டில் இருப்பது பொருத்துவாய், வடத்தில் இருப்பது பொருத்துமுனை. சாட்டா: தரவு முனையில் 7 தொடுமுனை, மின் முனையில் 15.

பழைய கணினிகளின் ஐடிஇயை எடுத்துவிடலாம் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தோட்ட ஆபிசில் கிராணி (எழுத்தர்) மேசைக் கணக்கு பழைய கணினிப் பெட்டியில் இருந்தால் அதை வெளியே எடுக்க இந்தச் சொற்கள் வேண்டும். 40 ஊசி, 80 கம்பி வடம், நீளம் 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முதல் தட்டுக்கு, நடுவிலுள்ள சாம்பல் இரண்டாவது தட்டுக்கு. பழைய 40 கம்பி வடத்தைப் போட்டால் வேகம் விநாடிக்கு 33 மெகாபைட்டில் நின்றுவிடும். ‘மாஸ்டர், ஸ்லேவ்’ இரண்டையும் ஆண்டான், அடிமை என்று பெயர்த்தது நமக்குத் தேவையில்லாத வேலை. ‘முதல், துணை’ போதும். ஒரே வடத்தில் இரண்டு தட்டுக்கும் ஜம்பர் (தட்டின் பின்னால் மாற்றிப் போடும் சிறு செருகி) ‘முதல்’ என்று இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

சர்வர்களில் வரும் சாஸ் தட்டுக்கு ஒரு வரி சேருங்கள்: சாட்டா தட்டு சாஸ் வாயில் வேலை செய்யும், சாஸ் தட்டு சாட்டா வாயில் நுழையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சர்வர் தட்டை வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

‘பஸ்’ஸுக்குத் தடம் என்றே இருக்கட்டும். ‘பாட்டை’ என்று போட்டால் இங்கே ‘எந்தப் பாட்டை?’ என்று கேட்பார்கள்.