மாடிக் கொடியில் நாற்காலி ஆள்

சரசு பெரியம்மா: ஹரி, உன் கறுப்பு டீ-ஷர்ட்டைத் துவைத்து மாடியில் காயப் போட்டிருக்கிறேன். தலையை மூடி நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்களே, யார் அந்த ஆள்? நல்ல நாளும் அதுவுமாக இதையா போட்டுக்கொண்டு வந்தாய்?

ஹரி: அது மரண தண்டனை நிறைவேற்றும் மின்சார நாற்காலி பெரியம்மா. டெத் ரோ ரெக்கார்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு ராப் பாட்டுக் கம்பெனி. டெத் ரோ என்றால் மரண தண்டனைக் கைதிகளை வைக்கும் இடம். அதன் முத்திரை.

சரசு பெரியம்மா: பாட்டுக் கம்பெனிக்கா? எச்எம்வி தட்டில் நாய் அழகாக உட்கார்ந்திருக்கும்.

செல்வம் மாமா: கேசட் கடையில் இருந்தவன் கேட்கிறேன் மாப்பிள்ளை, எத்தனை வருஷம் ஓடியது?

ஹரி: உச்சம் நாலைந்து வருஷம்தான் மாமா. 1991-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கினார்கள். இசை டாக்டர் ட்ரே, வியாபாரம் ஷுக் நைட். ஷுக் முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர், ஆள் மலை மாதிரி இருப்பார். 1992 டிசம்பரில் ட்ரேயின் ‘தி க்ரானிக்’ வந்தது. அடுத்த நவம்பரில் ராப் பாடகர் ஸ்னூப் டாக்கின் முதல் ஆல்பம், வந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அந்த ஒரு வாரத்தில் மட்டும் எட்டு லட்சம் பிரதி.

செல்வம் மாமா: எட்டு லட்சமா! எங்கள் கடையில் ஒரு படம் முந்நூறு கேசட் போனாலே முதலாளி எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தருவார்.

வசந்தி சித்தி: அதெல்லாம் சரி, முதல் போட்டது யார்?

செல்வம் மாமா: பேங்கிலிருந்து ரிட்டையர் ஆனாலும் புத்தி போகாது.

ஹரி: சித்தி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருந்த மைக்கேல் ஹாரிஸ் என்பவர், உள்ளே இருந்தபடியே 15 லட்சம் டாலர் கொடுத்ததாகச் சொன்னார். ஷுக் மறுத்தார். ஹாரிஸின் மனைவி லிடியா வழக்குப் போட்டார். 2005-இல் 10 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. மறு வருஷம் கம்பெனி திவால் மனு.

வசந்தி சித்தி: எழுபது மடங்கு! கந்துவட்டிக்காரன்கூட இப்படி வாங்க மாட்டான்.

ஹரி: பாதிக்கு மேல் தண்டனையாகப் போட்ட நஷ்டஈடு சித்தி. ஆனால் கம்பெனி அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. எல்லாம் 1996-இல். முந்தைய அக்டோபரில், சிறையில் இருந்த ராப் பாடகர் டுபாக்கை 14 லட்சம் டாலர் ஜாமீனில் வெளியே கொண்டுவந்து ஒப்பந்தம் போட்டார்கள். பிப்ரவரியில் அவருடைய இரட்டை ஆல்பம் வந்தது. மார்ச்சில் ட்ரே, அடிதடி பொறுக்காமல், தன் பங்கையே விட்டுவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 7, லாஸ் வேகஸில் டைசன் குத்துச்சண்டை பார்த்துவிட்டுப் போகும்போது காரைச் சுட்டார்கள். ஓட்டியது ஷுக், பக்கத்தில் டுபாக். ஆறு நாள் கழித்து இறந்தார். 25 வயது.

சரசு பெரியம்மா: ஐயோ. அம்மா இருந்தாளா அந்தப் பையனுக்கு?

ஹரி: இருந்தார் பெரியம்மா. அஃபெனி. அடுத்த வருஷமே மகனுக்குச் சேர வேண்டிய பணத்துக்காகக் கம்பெனி மீது வழக்குப் போட்டார்.

சரசு பெரியம்மா: போடட்டும். நன்றாகப் போடட்டும்.

செல்வம் மாமா: ட்ரே எழுந்து போன அன்றே கதை முடிந்தது. மியூசிக் போடுகிறவன் இல்லாமல் என்ன கம்பெனி?

ஹரி: அதெப்படி மாமா? டுபாக் இறந்து இரண்டு மாதத்தில் வந்த ஆல்பமும் முதலிடம்தானே!

செல்வம் மாமா: அது ஆகஸ்டிலேயே பதிவு செய்து வைத்த சரக்கு என்று நீதானே போன தீபாவளிக்குச் சொன்னாய்? குடோனில் இருந்ததை விற்றார்கள். புதிதாக யார் வந்தார்கள், அதைச் சொல்.

ஹரி: சரி, அங்கே மாட்டிக்கொண்டேன். டுபாக் சுடப்பட்ட அன்று ஹோட்டலில் ஷுக்கும் சேர்ந்து போட்ட அடிதடி கேமராவில் பதிவாகி, பழைய வழக்கின் நன்னடத்தை நிபந்தனையை மீறினார் என்று 1997-இல் ஷுக் உள்ளே போனார். 98-இல் ஸ்னூப்பும் கிளம்பிவிட்டார்.

வசந்தி சித்தி: இப்போது பாட்டு உரிமையெல்லாம் யார் கையில்?

ஹரி: கைமாறிக்கொண்டே இருந்தது. 2009 ஏலத்தில் ஒரு கனடா கம்பெனி 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு எடுத்தது. பிறகு வேறொரு கம்பெனி. அதை 2019-இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

வசந்தி சித்தி: நம் வாண்டு விளையாடுகிற மோனோபொலி ஹாஸ்ப்ரோவா?

ஹரி: அதேதான் 😂 கடைசியில் 2022-இல் டெத் ரோ என்ற பெயரை ஸ்னூப்பே வாங்கிவிட்டார். ஷுக் வேறொரு வழக்கில் 28 வருஷத் தண்டனையில் இருக்கிறார். 2015-இல் வண்டி ஏற்றி ஒருவரைக் கொன்றதற்கு.

செல்வம் மாமா: அசல் டீ-ஷர்ட்டா அது? ஸ்னூப்புக்குக் காசு போயிருக்குமா?

ஹரி: பிளாட்பாரத்தில் 250 ரூபாய் மாமா.

சரசு பெரியம்மா: இங்கே தூற ஆரம்பித்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி. யாராவது மேலே போய் அந்த நாற்காலி ஆளை உள்ளே எடுத்துப் போடுங்கள். வடாமும் காய்கிறது, முதலில் வடாம்.