தமிழ், சிங்களம், இங்கிலிஷ் கலந்த பழைய செக்ரோல் கொப்பிகள்: எந்த மொடல் சரிவரும்?

பெரட்டுமணி கேட்டது:

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோலும் (ஆட்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) சங்கக் கூட்டக் குறிப்புக் கொப்பிகளுமாக 700 பக்கம் அளவில் இருக்கிறது. எல்லாம் கையெழுத்து, கணினியைக் கொண்டு வாசித்துத் தட்டச்சாக எடுக்க வேண்டும். பெயரும் குறிப்பும் தமிழில், தலைப்பும் மாதமும் இங்கிலிஷில், பிந்திய கொப்பிகளில் இடையிடையே சிங்களம். டெசெராக்ட்டுக்கு (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) மூன்று மொழியையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே சொல்லுக்குள் மூன்று எழுத்தும் கலந்து வருகிறது. அதனால் 156 வகுப்புள்ள தமிழ்க் கையெழுத்துத் தரவில் ஒரு சிஎன்என் (படத்தின் வடிவங்களைப் பழகும் நரம்பு வலை மொடல்) பயிற்றினேன். அந்தத் தரவின் சோதனைப் படங்களில் நன்றாக ஓடுகிறது. கொப்பியிலிருந்து வெட்டிய எழுத்தைக் கொடுத்தால் பாதிகூடச் சரியில்லை. அடுக்குகளைக் கூட்ட வேண்டுமா? எது எந்த மொழியின் எழுத்து என்று பிரிக்கத் தனி மொடல் வேண்டுமா?

---

எழுத்தாணி:

அடுக்கைக் கூட்டிப் பயனில்லை. தனித்தனி எழுத்தாக வெட்டுவதுதான் பிழை. கையெழுத்தில் ‘ர’வும் காலும் (ா) பலருக்கு ஒரே வடிவம். ‘ஔ’வின் பின்பாதியும் ‘ள’வும் அப்படியே. தமிழ் எண் ௧ பார்வைக்கு ‘க’, ௨ பார்வைக்கு ‘உ’. தனியே வெட்டிய துண்டைப் பார்த்து மனிதனே சொல்ல முடியாததை மொடல் எப்படிச் சொல்லும்? போதாததற்கு எல்லாவற்றையும் சதுரமாக இழுத்திருப்பீர்கள். ஒல்லியான காலும் அகலமான ‘ணை’யும் ஒரே அகலத்துக்கு வந்துவிடும்.

வரி முழுவதையும் ஒரு படமாகக் கொடுங்கள். உயரம் 48 அல்லது 64 பிக்செல், அகலம் தானாக வரட்டும். சிஎன்என், அதன்மேல் இருதிசை எல்எஸ்டிஎம் (வரியை இரு திசையிலும் தொடராக வாசிக்கும் அடுக்கு), கடைசியில் சிடிசி (வெட்டாமலே வரிப் படத்தை எழுத்து வரிசையோடு பொருத்தும் முறை). புதிதாக எழுத வேண்டியதில்லை. கிராகென் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது, வரி பிரிப்பதும் அதிலேயே உண்டு. வின்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் துணையமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். டெசெராக்ட் அச்செழுத்துக்காகச் செய்தது. அதைக் கையெழுத்துக்கு மல்லுக்கட்டி இழுக்க வேண்டாம்.

ஒரே கையெழுத்து என்றால், பயிற்சிக்கு 800, 1000 வரியை நீங்களே வாசித்துத் தட்டச்சு செய்தாலே பலன் தெரியும். கணக்கப்பிள்ளை மாறினால் கையும் மாறும், ஒவ்வொரு கைக்கும் இன்னும் 200 வரியாவது சேருங்கள். சோதனைக்கு ஒதுக்குவது முழுக் கொப்பியாக இருக்கட்டும். ஒரே பக்கத்தின் வரிகளைப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்துப் போட்டால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.

இன்னொன்று: இதில் ஆட்களின் பெயரும் சம்பளமும் இருக்கிறது. இலவசத் தளங்களில் ஏற்றாமல் சொந்த லெப்டொப்பிலேயே ஓட்டுங்கள்.

---

பனிமூட்டம்:

மொடலுக்கு முன்னால் போட்டோவைப் பாருங்கள். மலைநாட்டுக் கொப்பிகளில் ஈரமும் பூஞ்சணமும்தான் பெரிய தொல்லை, மறுபக்க மை இந்தப் பக்கம் தெரியும். எடுக்கும் தாளுக்கு அடியில் கறுப்பு மட்டையை வையுங்கள், பாதி அடங்கும். ஹட்டன் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ந்த காலம், தாள் நெளிவு குறையும். மே பிறந்தால் தென்மேற்கு மழை. பதுளைப் பக்கம் என்றால் கணக்கு மாறும், அங்கே ஆண்டு முடிவில்தான் மழை.

ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம், கெமரா நேர்மேலே, ஒரு போட்டோவில் ஒரு பக்கம். பெரிதாக்கிப் பார்த்தால் ‘ப’வின் உயரம் 30 பிக்செலாவது இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். மங்கிய மையில் புள்ளிதான் முதலில் அழியும், பூஞ்சணப் பொட்டு புள்ளியாக நிற்கும். சாம்பல் நிறத்திலேயே பயிற்றுங்கள்.

---

கொழுந்துக்கூடை:

பலர் சறுக்குவது யுனிகோட்டில் (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுத்துக் கணினி சேமிக்கும் முறை). ‘கொ’ படத்தில் கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலம் நிற்கிறது. கோப்பில் க முதலில், ‘ொ’ பிறகு. சிடிசி இடமிருந்து வலமாகத்தான் போகும். தரவு குறைவாக இருந்தால் கொம்பை முந்திய எழுத்தோடு ஒட்டிவிடும். பயிற்சிக்கு முன் ‘ொ’வைக் கொம்பும் காலுமாகப் பிரித்து, கொம்பை முன்னால் தள்ளி, வெளியீட்டில் திருப்பிச் சேருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ‘ை’ மூன்றுக்கும் இதே வேலை. சிங்களக் கொம்புக்கும் இதே முறை, ஆனால் அங்கே கூட்டெழுத்து முழுவதையும் தாண்ட வேண்டும். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பி ஒன்று (யுனிகோட் எண் 8205) இருக்கும். ‘துப்புரவு’ என்று அதை நீக்கினால் எழுத்து உடைந்துவிடும்.

தட்டச்சு செய்யும்போது எழுதியதை எழுதியபடி போடுங்கள். புள்ளி இல்லையென்றால் புள்ளி வேண்டாம். பழைய துதிக்கை ‘னை’, ‘லை’ வந்தால் இன்றைய ‘னை’, ‘லை’ குறியே போதும், மொடல் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகப் பழகிக்கொள்ளும். ௴ (மாதம்), ௵ (வருடம்), ௸ (மேற்படி), ௹ (ரூபாய்) வந்தால் அவற்றை அப்படியே இடுங்கள், விரிக்க வேண்டாம்.

அகராதித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். செய்தித்தாள் சொற்களில் பழகிய திருத்தி ‘பெரட்டு’வைப் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) ‘புரட்டு’ ஆக்கும், ‘அரைப்பேர்’ (அரை நாள் வேலை) என்பதைப் பிழை என்னும். அரை நாள் சம்பளம் தொலைந்தது! பெரட்டு, பேர், கைக்காசு, துண்டு, லயம், கங்காணி, டிவிஷன் பெயர்கள் எல்லாம் சேர்த்து உங்கள் பட்டியலை நீங்களே செய்யுங்கள்.

---

பெரட்டுமணி:

வரி மொடலுக்கே போகிறேன். எந்த மொழியின் எழுத்து என்று பிரிக்கும் தனி மொடல் வேண்டுமா என்பது இன்னும் நிற்கிறது.

---

எழுத்தாணி:

வேண்டாம். மூன்று மொழியின் குறிகளையும் ஒரே பட்டியலில் போடுங்கள், எல்லாம் சேர்ந்து சில நூறைத் தாண்டாது. சிங்கள வரி குறைவு என்பதால் பயிற்சியில் அதை இரண்டு மூன்று மடங்கு திருப்பிக் காட்டுங்கள். தனி மொடல் வைத்தால் ‘க.’, ‘மு.’ போன்ற ஓரெழுத்து முதலெழுத்துகளிலும் இலக்கங்களிலும் தடுமாறும். இலக்கம் மூன்றுக்கும் பொது அல்லவா.

வந்த பிறகு ஒரு சோதனை போதும்: தமிழ்க் குறிகளின் யுனிகோட் எண் 2944 முதல் 3071 வரை, சிங்களம் 3456 முதல் 3583 வரை. ஒரே சொல்லில் இரண்டும் இருந்தால் சிவப்பில் காட்டி ஆள் பார்க்கட்டும். செக்ரோலில் பெயர் நிரல் எது, நாள் நிரல் எது என்று உங்களுக்கே தெரியும். நாள் நிரலில் இலக்கம், கோடு, அரைக்குறி தவிர எது வந்தாலும் பிழை.

பிழை வீதம் கணக்கிடும்போது நீங்கள் தட்டச்சு செய்தது, மொடல் வாசித்தது இரண்டையும் ஒரே யுனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘மொ’ ஒரு பக்கம் இரண்டு குறி, மறுபக்கம் மூன்று குறி என்று இருந்தால், சரியாக வாசித்ததையும் பிழை என்று எண்ணும்.